தெருவில் ஒரே ஒரு ஆர்மி வீடு

பிரிட்டிஷ் ராணுவத்தில் இருப்பவர்களின் குடும்பங்கள் எங்கே வசிக்கும் என்று கேட்டால், ஆல்டர்ஷாட், கேட்ரிக், டிட்வர்த், கோல்செஸ்டர் என்று சில ஊர்ப் பெயர்கள்தான் வரும். அங்கெல்லாம் குவார்ட்டர்ஸ் வரிசையாக இருக்கும். பக்கத்து வீட்டு அப்பாவும் யூனிஃபார்ம் போடுவார், எதிர் வீட்டு அம்மாவும் போடுவார். 'அப்பா எக்சர்சைஸ் போயிருக்கார்' என்று ஒரு குழந்தை வகுப்பில் சொன்னால், யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது குட்மேய்ஸில். இங்கே ஹை ரோட்டில் முருங்கைக்காய் கிடைக்கும், வாழை இலை கிடைக்கும், ஊர்க்கதை பேச ஆள் கிடைக்கும். இன்னொரு ராணுவக் குடும்பம் மட்டும் கிடைக்காது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் நாங்கள் ஒரே ஒரு ஆர்மி வீடு.

அதனால் கடையிலும் கோயிலிலும் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "நம்ம ஆளுங்களை எல்லாம் இங்க ஆர்மியில சேர்த்துக்குறாங்களா?" "சண்டைக்கெல்லாம் போவாரா?" "ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படிங்க தனியா சமாளிக்கிறீங்க?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டிஷ் படைகளில் சேர விண்ணப்பிக்கலாம், இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம். இரண்டாவது கேள்விக்கு நான் சிரித்துவிட்டு கீரை எடுக்கப் போய்விடுவேன். மூன்றாவதுக்குக் கடை வாசலில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

டிரங்க் பெட்டியில் வளர்ந்தவள்

எனக்கு இந்த வாழ்க்கை புதுசு இல்லை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. கம்மவான்பேட்டை என்ற ஊரை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், அங்கே வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார்கள் அல்லது இருந்திருப்பார்கள். என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்தார். 1780ல் தொடங்கிய பிரிவு, மையம் பெங்களூரில்.

எங்கள் வீட்டு முக்கியமான சாமான், அப்பாவின் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்க் பெட்டிதான். பீஸ் ஸ்டேஷன் என்றால் குடும்பத்தோடு போவோம். ஃபீல்டு என்றால் அப்பா மட்டும் போவார், நாங்கள் ஊரில் பாட்டி வீட்டில் இருப்போம். கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். சின்ன வயசில் அதையே ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் கேந்திரிய வித்யாலயா. மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினர் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே 1963ல் உருவான பள்ளிகள் அவை. பாடம் தொடரும், மொழிதான் தொடராது. இந்தி படித்தோம், சமஸ்கிருதம் படித்தோம். தமிழ் எழுத்தை அம்மாதான் சமையல் மேடையில் மாவைப் பரப்பி விரலால் எழுதிக் காட்டினார். லண்டனில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும் எல்லாப் பெற்றோருக்கும் அந்த மாவு என்னவென்று புரியும்.

இந்த ஒற்றுமையை வெளியாட்களும் கவனித்திருக்கிறார்கள். பெற்றோரின் ஊரும் இல்லாமல், வாழும் ஊரும் முழுசாகச் சொந்தமாகாமல், இரண்டுக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு 'தேர்ட் கல்ச்சர் கிட்ஸ்' என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வைத்தவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950களில் அவரும் கணவரும் இந்தியாவில் வசித்த அமெரிக்கர்களை ஆராயப் போனபோதுதான் அவர்களுக்கு இந்த எண்ணம் வந்தது. ராணுவப் பிள்ளைகள், தூதரகப் பிள்ளைகள், நம்மைப் போல வெளிநாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாருமே இந்த வீட்டுக்காரர்கள்தான். என் பிள்ளைகளுக்கு இதில் இரட்டை டிக்கெட்.

குட்மேய்ஸை ஏன் தேர்ந்தெடுத்தோம்

"குவார்ட்டர்ஸ் கொடுப்பாங்களே, அங்கேயே போயிடலாமே?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். போகலாம்தான். ஆனால் என் வேலை லண்டனில். அக்கா செவன் கிங்ஸில், ஒரு ஸ்டாப் தூரம். சொந்தமாக வீடு வாங்க ராணுவத்தின் 'ஃபோர்சஸ் ஹெல்ப் டு பை' திட்டத்தில் வட்டியில்லாக் கடன் கிடைத்தது (ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, அதிகபட்சம் 25,000 பவுண்ட்). எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பள்ளிக்கூடம் மாறிய களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. என் பிள்ளைகளாவது ஒரே வாசலில் வளரட்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

அதற்கு ஒரு விலை உண்டு. அவர் பேரக்ஸில் தங்கி, முடிந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார். முடியாத வெள்ளிக்கிழமைகளும் உண்டு. சில சமயம் மாதக்கணக்கில் வெளிநாடு. எந்தப் பேரக்ஸ், எந்த நாடு என்று எழுதவில்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தினசரி வாழ்க்கை மற்ற வீடுகளைப் போலத்தான் ஓடும். காலையில் இட்லிக் குக்கர், ஒற்றைச் சாக்ஸைத் தேடுவது, எட்டு வயதுக்காரனின் புத்தகப்பை, நாலு வயதுக்காரியின் அழுகை. ஆனால் ஆறு மாதம் ஒரே ஆள் அத்தனையும் செய்வது வேறு. காய்ச்சல் வந்தால் மாற்றி உட்கார ஆள் கிடையாது. எலிசபெத் லைன் நின்றுவிட்டால் பள்ளி வாசலில் போய் நிற்க ஆள் கிடையாது. அக்கா இல்லையென்றால் நான் இல்லை. இதில் கொஞ்சம் உதவுவது, 2022 செப்டம்பரில் பிரிட்டன் முழுக்க ராணுவக் குடும்பங்களுக்கு வந்த பிள்ளைப் பராமரிப்புத் திட்டம். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, பள்ளி நடக்கும் வாரங்களில், பள்ளிக்கு முன்னும் பின்னுமாக வாரம் 20 மணி நேரம் வரை செலவை ஏற்கிறார்கள். நிபந்தனைகள் உண்டு. ஆனால் கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

வேலைப்பளுவைக்கூட எப்படியோ சமாளிக்கலாம். மகன் வகுப்பில் அப்பா ராணுவத்தில் இருக்கும் பிள்ளை அவன் ஒருத்தன்தான், அதுதான் கஷ்டம். "உன் அப்பாவை நாங்க பார்த்ததே இல்லையே, நிஜமாவே உனக்கு அப்பா இருக்காரா?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, சின்னப் பிள்ளை. ஆனால் என் மகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்லுங்கள்

நான் படித்த பள்ளியில் யார் பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு 'சர்வீஸ் பியூப்பில் பிரீமியம்' என்று ஒரு தொகை 2011ல் இருந்து கிடைக்கிறது. 2024-25ல் ஒரு பிள்ளைக்கு 340 பவுண்ட். ரிசப்ஷன் முதல் 11ஆம் ஆண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். தந்தையோ தாயோ பிரிட்டிஷ் முழுநேரப் படையில் இருக்க வேண்டும். படையை விட்டு வந்த பிறகும் சில ஆண்டுகள் தொடரும். பணியில் இறந்தவரின் பிள்ளைக்கு அதற்கான ஓய்வூதியம் வந்தால் அதற்கும் உண்டு. பணம் நம் கைக்கு வராது, பள்ளிக்குப் போகும். பிள்ளையின் மனசுக்குத் துணையாக இருக்கத்தான் அது. பேச ஒரு ஆள், ஒரு கிளப், அப்பா கிளம்பும் வாரத்தில் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு.

இதற்கு வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. அக்டோபரில் பள்ளி எடுக்கும் கணக்கெடுப்புக்கு முன்னால் அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம்மவர்கள் சொல்லத் தயங்குவார்கள். 'எதுக்குத் தேவையில்லாம' என்ற நினைப்பு. விசா விஷயத்தில் எதையாவது கிளறிவிடுமோ என்ற பயமும் இருக்கும். இதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. பணத்தைவிட, டீச்சருக்கு விஷயம் தெரிவதுதான் பெரிது. தெரிந்த பிறகு எங்கள் டீச்சர் வகுப்புச் சுவரில் ஒரு உலக வரைபடம் மாட்டினார். எல்லாப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி இருக்கும் இடத்திலும் ஊசி குத்தினார்கள். அப்பா தூரத்தில் இருப்பது மகனுக்கு மட்டும் நடக்கும் விசித்திரம் இல்லை என்று அன்றைக்கு அவனுக்கே தெரிந்தது. குட்மேய்ஸ் வகுப்பறையில் எல்லாருக்கும் யாரோ ஒருவர் தூரத்தில்தானே இருக்கிறார்கள்!

நாளைக்கே மாற்றல் வந்து ஊர் மாற வேண்டியிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மாற்றல் உத்தரவுக் கடிதம் இருந்தால், அந்த ஊருக்குக் குடிபோகும் முன்பே பள்ளி இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். 'இப்போது நீங்கள் இங்கே வசிக்கவில்லை' என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது சேர்க்கை விதி.

'ஆமி' என்ற சொல்

குட்மேய்ஸில் இருப்பதால் வரும் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான்.

எங்கள் வீட்டு ஹாலில் அவர் யூனிஃபார்மில் நிற்கும் படம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எங்களுக்கு மிகவும் வேண்டியவர், முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது கதவருகிலேயே நின்றுவிட்டார். "குறை நினைக்காதேங்கோ பிள்ளை. எனக்கு இந்த உடுப்பைக் கண்டாலே நெஞ்சு பதறுது" என்றார். அவருக்கு 'ஆமி' என்றால் சம்பளம் வாங்கும் வேலை கிடையாது. இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடியது. அவர் நினைவில் இலங்கை ராணுவம் மட்டும் இல்லை, 1987ல் இருந்து 1990 வரை அங்கே இருந்த இந்திய ராணுவமும் இருக்கிறது. அதாவது என் அப்பா போட்டிருந்த அதே உடுப்பு.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லக் கூடிய விஷயமும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு மகன் கேட்டான், "ஆச்சிக்கு அப்பாவைப் பிடிக்காதா?"

"அப்படி இல்லடா. அவங்க சின்ன வயசுல இருந்து இந்த மாதிரி உடுப்பு போட்டவங்க வந்தா வீட்டை விட்டு ஓடணும். அந்த ஞாபகம் வந்துடுச்சு. அப்பா மேல கோபம் இல்ல."

"அப்பா யாரையாச்சும் ஓட வச்சிருக்காரா?"

எட்டு வயசுக் கேள்வி. "அதை அப்பாகிட்டயே கேளு, அவர் பதில் சொல்வார்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை கேட்டான். இருவரும் பின்பக்கத் தோட்டத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் போகவில்லை.

படத்தை நாங்கள் எடுக்கவில்லை. அந்த அம்மா இப்போது வந்தால் தோட்டம் பார்த்த நாற்காலியில் உட்காருவார். அவர் வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கொண்டு வருபவரும் அவர்தான். "தகப்பன் எப்ப வாறாராம்?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான். படைவீரனின் பிள்ளைக்கு, தன் அப்பாவின் வேலை இன்னொருவர் வாழ்க்கையில் வேறு அர்த்தம் கொண்டது என்று தெரிவது கெடுதல் இல்லை. குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு அது தெரிய இருபது வயது ஆயிற்று.

போவது, இருப்பது, வருவது

1987ல் கேத்லீன் லோகன் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணவர் கப்பலில் போகும்போது வீட்டில் இருப்பவர்களின் மனசு ஏழு கட்டங்களாக மாறுகிறது என்றார். அவர் சொன்னதில் எங்கள் வீட்டில் அப்படியே நடப்பவை மூன்று.

ஒன்று, கிளம்பும் வாரத்தில் சண்டை வரும். பாத்திரம் கழுவாததற்கு, பில் கட்டாததற்கு. உண்மையில் சண்டை அதற்கு இல்லை. கோபமாகப் பிரிவது அழுதுகொண்டு பிரிவதைவிட சுலபம், அதனால்தான். பிள்ளைகளும் அந்த வாரம் காரணமே இல்லாமல் முரண்டு பிடிப்பார்கள். இப்போது நாங்கள் காலண்டரில் அந்த வாரத்துக்குப் 'பட்டாசு வாரம்' என்று பெயரே வைத்துவிட்டோம்.

இரண்டாவது, நடு மாதங்கள். அப்போது வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும், அப்பா இல்லாமலே. அதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வரும். வர வேண்டியதில்லை.

மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். திரும்பி வருவதுதான் இருப்பதில் கஷ்டமானது. எல்லாரும் விமான நிலையக் கட்டிப்பிடிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்த நாள் காலை சின்னவள், "அம்மா ஊட்டட்டும், நீ வேணாம்" என்பாள். மகனுக்கு ஒன்பது மணிக்குத் தூங்கும் புது விதி அவருக்குத் தெரியாது. அவருக்கும் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. வந்த முதல் வாரம் அவர் எந்த விதியையும் மாற்றக் கூடாது, யாரையும் கண்டிக்கக் கூடாது. தினமும் ஒரே ஒரு வேலை மட்டும் அவருடையது, பள்ளிக்குக் கூட்டிப் போவது. அந்தப் பத்து நிமிட நடையில் மெதுவாகப் பேச்சு தொடங்கும்.

நம் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். "அப்பா இல்லாதப்ப நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவையும் தங்கச்சியையும் பார்த்துக்கணும்" என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்லாதீர்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவன் அதை நம்பிவிடுவான். இரவில் எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். அவன் குழந்தை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். அதேபோல, "இரு, அப்பா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்டவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து வருபவர் போலீஸ்காரராக வர வேண்டாம்.

எங்களுக்குப் பயன்பட்டவை

அஞ்சல்: 56 ஏ.பி.ஓ. மாதிரி இங்கே பி.எஃப்.பி.ஓ. எண் உண்டு. முகவரியில் நாடு பெயர் எழுதக் கூடாது, உள்நாட்டுக் கட்டணம்தான். சில இடங்களில் பணியில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தினர் 2 கிலோ வரை இலவசமாகவே அனுப்பலாம். முறுக்கு நன்றாகப் போய்ச் சேரும். லட்டு தூளாகிவிடும்.

குரல்: கிளம்பும் முன் அவர் கதைகளைப் பதிவு செய்துவிட்டுப் போவார். கடற்படையினருக்கு 'ஸ்டோரிபுக் வேவ்ஸ்' என்ற பெயரில் ஒரு தொண்டு அமைப்பு இதையே செய்கிறது. நாங்கள் போனிலேயே செய்தோம், தெனாலிராமன் கதைகள், தமிழில். சின்னவளின் தமிழ் அதில்தான் வளர்கிறது.

வாட்ஸ்அப்: ஊரில் மாமியார் பெருமையில், எங்கே போகிறார், எந்தத் தேதியில் வருகிறார் என்று நூறு பேர் இருக்கும் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார். அவருக்கு மரியாதையாக விளக்க வேண்டும். இடம், தேதி, யூனிட் எதுவும் வெளியே போகக் கூடாது. நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.

கேட்க இடம்: ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஃபேமிலீஸ் ஃபெடரேஷன் இருக்கிறது. காமன்வெல்த் குடும்பங்களின் விசாக் கேள்விகளுக்கு ஆர்மி ஃபேமிலீஸ் ஃபெடரேஷனில் கேட்கலாம். 1885ல் தொடங்கிய எஸ்.எஸ்.ஏ.எஃப்.ஏ. அமைப்பு மனக்கஷ்டம், பணக்கஷ்டம் இரண்டுக்கும் உதவும். 'லிட்டில் ட்ரூப்பர்ஸ்' பிள்ளைகளுக்கென்றே உள்ள அமைப்பு.

அந்தக் கேள்வி

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தபோது இங்கே எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்ட, அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. ஆனால் கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்தார்கள். பள்ளி விட்டு வந்த மகன் பையைக்கூட இறக்காமல் கேட்டான், "அப்பாவும் செத்துப் போயிடுவாரா?"

"சீ, வாயைக் கழுவு" என்றுதான் நாம் வளர்ந்த வீடுகளில் பதில் வரும். அப்படிச் சொன்னால் கேள்வி போகாது, நம்மிடம் கேட்பதுதான் நிற்கும். "அப்படி நடக்கவே நடக்காது" என்றும் நான் சொல்ல மாட்டேன், என் கையில் இல்லாத வாக்கு அது. நான் சொன்னது இவ்வளவுதான்: "பெரும்பாலும் அப்பா செய்யறது பயிற்சி. ஆபத்து வராம இருக்க நிறைய கத்துக்கிட்டிருக்கார், கூட நல்லவங்க இருக்காங்க. எது நடந்தாலும் உன்கிட்ட நான் உண்மையைச் சொல்வேன். வேற யாரும் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேண்டி வராது." கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி. தோசை இருக்கா?" என்றான்.

நவம்பரில் அவனை நியூபரி பார்க்கில் ஈஸ்டர்ன் அவென்யூ ஓரமாக இருக்கும் இல்ஃபர்ட் போர் நினைவு மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் உலகப் போரில் இறந்த இந்த ஊர்க்காரர்களுக்காகக் கட்டியது. வெறும் மண்டபமாக அதைக் கட்டவில்லை. மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு நுழைவாயிலாகக் கட்டினார்கள். அந்த மருத்துவமனைதான் பிறகு கிங் ஜார்ஜ் என்று பெயர் மாறி, இப்போது எங்கள் குட்மேய்ஸ் பார்லி லேனில் இருக்கிறது. "அப்பாக்களுக்காகப் பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் மாதம் ராணுவப் பிள்ளைகளுக்கான மாதம். 1986ல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கேயும் பல பள்ளிகளில் ஊதா நிற உடை போட்டுக் கொண்டாடுகிறார்கள். மூன்று படைகளின் நிறங்களையும் கலந்தால் வரும் நிறம் என்பார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் யாராவது ஒரே ஒரு குழந்தை அன்றைக்கு ஊதா உடையில் வந்தால், உங்கள் பிள்ளைக்கும் ஒரு ஊதா சட்டை போட்டு அனுப்புங்கள். நீங்களே படைக் குடும்பம் என்றால், அக்டோபருக்கு முன்னால் பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.